வண்டு ஓட்டின் வழுவழுப்பு எதனால்? தொடுகோணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது

தேய்மானம் எழுதியது:

வணக்கம். இயந்திரப் பொறியியல் முதுநிலைத் திட்டப்பணிக்காகக் காண்டாமிருக வண்டின் கெட்டி இறகையும், வீட்டில் திரியும் பெரிய கரப்பானின் கழுத்துப் பட்டையையும் வைத்து உராய்வும் நீர் ஒட்டும் தன்மையும் பார்க்கிறேன். பூச்சியியல் தெரியாது, பேரிங், கிரீஸ் பக்கத்து ஆள்.

சிக்கல் இதுதான். ஒரே இறகில் ஓரிடத்தில் நீர்த்துளி வைத்தால் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) 70 டிகிரி, பக்கத்திலேயே 105 டிகிரி. கரப்பானில் இன்னும் மோசம்: பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோணம் இறங்குகிறது. வண்டுகளில் பாதி தென்னந்தோப்பில் ஆமணக்குப் பிண்ணாக்குப் பானையில் விழுந்தவை. மீதி விலங்கியல் துறையின் பழைய பெட்டியிலிருந்து வாங்கியவை. எல்லாவற்றையும் எத்தனாலில் அலசிக் காயவைத்த பிறகே அளந்தேன்.

இந்த வழுவழுப்புக்குக் காரணம் மெழுகா, எண்ணெயா, மேற்பரப்பின் வடிவமா? கால் மூட்டில் மசகு ஏதும் இருப்பதாகப் பாடப்புத்தகத்தில் காணோம். பிறகு எப்படித் தேயாமல் ஓடுகிறது? அளவீட்டில் எங்கே கோட்டை விடுகிறேன்?

பூச்சிப்பெட்டி எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது சரியாகாமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லிப் பயனில்லை. இதுவரை நீங்கள் அளந்தது வண்டின் மேற்பரப்பை அல்ல, அதன்மேல் படிந்த அழுக்கை.

பிண்ணாக்குப் பானை என்பது 1 கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தது. புளித்த அந்தக் கரைசலில் மிச்ச எண்ணெய், புரதம், பாக்டீரியாப் படலம் எல்லாம் உண்டு. ஓர் இரவு அதில் ஊறிய வண்டின்மேல் அவை உலர்ந்து படியும். தண்ணீரில் அலசினால் போகாது.

பழைய பெட்டி வேறு விதமான தொல்லை. அந்துருண்டையின் ஆவி பூச்சியின்மேலேயே மெல்லப் படிகிறது. அதோடு, குத்திவைத்த பெரிய வண்டுகள் காலப்போக்கில் எண்ணெய் கக்கும்: உடலுக்குள் இருக்கும் கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்களாக வெளியே கசிந்து ஓடு முழுக்கப் பரவும். பித்தளை ஊசியைச் சுற்றிப் பச்சையாக ஏதாவது கட்டியிருந்தால் அந்த அமிலம் செம்போடு சேர்ந்த உப்புதான் அது. அப்படிப்பட்ட மாதிரியை அளவீட்டுக்கு எடுக்கவே கூடாது.

எத்தனால்தான் பெரிய குற்றவாளி. நீளச் சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் அதில் சரியாகக் கரையாது; முனைவுள்ள கொழுப்புகள் கரையும். ஆகவே மெழுகு முழுதாகப் போவதும் இல்லை, முழுதாக நிற்பதும் இல்லை. பாதி கரைந்தது எத்தனால் உலரும் விளிம்பில் திட்டுத் திட்டாகத் திரும்பப் படிகிறது. உங்கள் 70-க்கும் 105-க்கும் பெரும்பகுதி விடை இதுதான்.

மாதிரியை எடுக்க வேண்டிய முறை: இனக்கவர்ச்சி வாளிப் பொறியில் அடியில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாமல் விடுங்கள்; காலையிலேயே போய் எடுத்துவிடுங்கள். வண்டுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. ஒரே டப்பாவில் பத்தைப் போட்டால் கொம்பாலும் கால் முள்ளாலும் ஒன்றையொன்று கீறிவிடும். எத்தில் அசிடேட் போட்டுக் கொல்ல வேண்டாம், அதுவும் ஒரு கரைப்பான். மைனஸ் 20 டிகிரியில் ஓர் இரவு போதும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் பூச்சியின்மேல் ஈரம் வியர்க்காது.

விரல் படவே கூடாது. கைத்தோலின் எண்ணெய் ஒரு தொடுதலில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இடுக்கியை ஹெக்சேனில் (மெழுகைக் கரைக்கும் கரைப்பான்) துடைத்துவிட்டு, காலைப் பிடித்துத் தூக்குங்கள். ஓட்டில் மண் இருந்தால் டிஸ்டில்டு வாட்டரை மெல்ல ஓடவிட்டுக் கழுவலாம். சோப்பு வேண்டாம், தேய்க்க வேண்டாம். காயவைக்க ரப்பர் பல்ப் ஊதி அல்லது நைட்ரஜன். பட்டறைக் கம்ப்ரஸரின் காற்றை அடித்துவிடாதீர்கள், அதில் எண்ணெய்த் துகள் வரும். மெக்கானிக்கல் ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் கூத்து இது.

இறகின் நடுப்பகுதிதான் ஓரளவு தட்டை. அங்கே 4 மி.மீ. சதுரம் வெட்டுங்கள். ஸ்லைடில் ஒட்ட ஃபெவிகுவிக் மாதிரிப் பசை கூடாது: அதன் ஆவி மேற்பரப்பில் வெண்படலமாகப் படியும் (கைரேகை எடுக்கப் பயன்படுவதே அந்தக் குணம்தான்). இரட்டைப் பக்க கார்பன் டேப் போதும்.

துளி 3 மைக்ரோலிட்டர். சும்மா வைத்து ஒரு கோணம் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். ஊசியைத் துளிக்குள்ளேயே வைத்து, விநாடிக்கு 0.1 முதல் 0.2 மைக்ரோலிட்டர் வரை ஏற்றி 6 மைக்ரோலிட்டர் ஆக்குங்கள். விளிம்பு முன்னேறும்போது ஒரு கோணம், உறிஞ்சும்போது விளிம்பு பின்வாங்கும் கணத்தில் இன்னொரு கோணம். இரண்டையும் எழுதுங்கள், வித்தியாசம்தான் முக்கியமான செய்தி. காண்டாமிருக வண்டின் இறகை 40 மடங்கில் பார்த்தால் ஓடு முழுவதும் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் தெரியும். துளியின் விளிம்பு ஒரு குழியின் உதட்டில் மாட்டிக்கொண்டால் நகராது. அங்கே படிக்கும் கோணத்துக்குப் பொருளில்லை. குழிகள் குறைந்த இடத்தைத் தேடுங்கள், அல்லது குழி நெருக்கத்தையே ஒரு மாறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியலில் ஓர் எச்சரிக்கை: ஒரு வண்டில் இருபது துளி வைத்தால் மாதிரி எண்ணிக்கை 20 அல்ல, 1. குறைந்தது ஐந்தாறு வண்டுகள் வேண்டும், ஆண் பெண் தனியாக. வயதான வண்டின் ஓடு தென்னங்குருத்தைக் குடைந்து குடைந்து கீறிப் போயிருக்கும். முடிந்தால் எருக்குழியிலிருந்து புழுவை எடுத்து வளர்த்து, கூட்டிலிருந்து தானாக வெளியேறிய புது வண்டை ஒப்பீட்டுக்கு வையுங்கள். கூட்டை உடைத்து முன்கூட்டியே எடுத்தால் ஓடு இறுகியிருக்காது.

மெழுகுப்படலம் எழுதியது:

மேலே சொன்னதோடு வேதியியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டின் பெரும்பகுதி கைட்டின் இழையும் புரதமும். அதன்மேல் கைட்டினே இல்லாத எபிகியூட்டிகிள் என்ற மெல்லிய அடுக்கு, சில மைக்ரோமீட்டருக்கு மேல் போகாது. வெளியுலகம் தொடுவது அதைத்தான். அதற்குள் உறைப்படலம், மெழுகு, பல இனங்களில் அதற்கும் மேலே சிமென்ட் எனப்படும் புரதமும் கொழுப்பும் கலந்த பூச்சு. பாடப்புத்தகப் படத்தில் அடுக்கடுக்காக அழகாகப் பிரித்திருப்பார்கள். உண்மையான ஓட்டில் மெழுகும் சிமென்ட்டும் கலந்து கிடக்கும் இடங்கள் ஏராளம்.

அந்த மெழுகில் முக்கியப் பங்கு ஹைட்ரோகார்பன்களுக்கு, பெரும்பாலும் இருபதுக்கு மேல் நாற்பதுக்கும் மேல்வரை கார்பன் கொண்ட சங்கிலிகள். ஈனோசைட் என்ற செல்கள் தயாரிக்கின்றன, லைப்போஃபோரின் என்ற புரதம் சுமந்து வருகிறது, ஓட்டில் குறுக்கே போகும் நுண்கால்வாய்கள் வழியாக மேலே ஏறுகிறது. உயிரோடிருக்கும் பூச்சியில் இது தொடர்ந்து நிரப்பப்படும் படலம். செத்த மாதிரியில் நிரப்ப ஆள் இல்லை.

வண்டு காய்ந்த பளபளப்போடும் கரப்பான் பிசுபிசுப்போடும் இருப்பதற்குக் காரணம் சங்கிலியின் வடிவம். 25 கார்பன் நேர்ச்சங்கிலி ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் உருகும், 29 கார்பன் 64 டிகிரியில். நடுவில் ஒரு மீத்தைல் கிளை வந்தால் உருகுநிலை 10 முதல் 30 டிகிரிவரை இறங்கும். இரட்டைப் பிணைப்பு வந்தால் இன்னும் அதிகமாக இறங்கும். அமெரிக்கக் கரப்பானின் மேற்பரப்பில் மிகுதியாக இருப்பது 27 கார்பனும் இரண்டு இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஹெப்டகோசாடையீன். அறை வெப்பத்தில் அது திரவம். கூடவே நேர்ச்சங்கிலிகளும் கிளைச்சங்கிலிகளும் இருப்பதால் மொத்தக் கலவை திடமும் திரவமும் சேர்ந்த நிலையில் இருக்கிறது. நீங்கள் கிரீஸ் ஆள் என்பதால் சொல்கிறேன்: சோப்பு இழை வலைக்குள் எண்ணெய் தங்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த நிலை.

உங்கள் துளியின் கோணம் இறங்குவதற்கும் இதுவே காரணம். 1935-இல் ராம்சே கரப்பானில் நீரிழப்பை ஆராய்ந்தபோதே பார்த்த விஷயம்: கரப்பான்மேல் வைத்த நீர்த்துளியின்மேல் கொழுப்புப் படலம் ஏறிப் போர்த்திக்கொள்கிறது. துளி ஆவியாவதும் மெதுவாகிறது. அதாவது நீங்கள் அளக்கும் நீரின் பரப்பு இழுவிசை 72 மில்லிநியூட்டன்/மீட்டர் என்ற நிலையிலேயே இல்லை. ஆகவே கரப்பானில் துளி வைத்த 5 விநாடிக்குள் படிக்க வேண்டும், அல்லது வீடியோ எடுத்துக் கோணத்தை நேரத்துக்கு எதிராக வரைய வேண்டும். அதே துளியை இன்னோர் இடத்துக்கு நகர்த்திப் பயன்படுத்துவது கூடவே கூடாது. அதே ராம்சே கண்ட இன்னொன்று: சுமார் 30 டிகிரிக்கு மேல் கரப்பானின் நீரிழப்பு திடீரென்று எகிறும். நம் ஊர் மே மாத ஆய்வகத்தில் குளிர்சாதனம் இல்லாமல் அளந்தால் நீங்கள் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருப்பீர்கள். வெப்பநிலையை எழுதாத கரப்பான் அளவீட்டுக்கு மதிப்பில்லை.

ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: இந்த மெழுகின் முதல் வேலை உடலின் தண்ணீரைக் காப்பது. வழுக்குவது உடன்விளைவு, சில இடங்களில் தொல்லையும்கூட. கரப்பான் அடிக்கடி உணர்கொம்பை வாயில் இழுத்துச் சுத்தம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் அதைத் தடுத்துப் பார்த்தார்கள். கொம்பில் தன் சொந்த ஹைட்ரோகார்பனே குவிந்து, வாசனை நுழையும் நுண்துளைகளை அடைத்து, மோப்பத்தை மழுக்கியது.

மெழுகா வடிவமா என்ற கேள்விக்கு ஊகம் தேவையில்லை, பிரித்தே பார்க்கலாம். முதலில் இயல்பான ஓட்டை அளங்கள். பிறகு அதையே 2 மி.லி. ஹெக்சேனில் 5 நிமிடம் ஊறவைத்து எடுத்து அளங்கள். இது மெழுகு போன வடிவம். அந்த ஹெக்சேனைச் சுத்தமான கண்ணாடித் தகட்டில் சொட்டுச் சொட்டாக உலரவிட்டு அதை அளங்கள். இது வடிவம் இல்லாத மெழுகு. கடைசியாக, பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பாலிவினைல் சிலோக்சேனில் ஓட்டை அச்செடுத்து எப்பாக்ஸியில் வார்த்து அளங்கள். இது மெழுகே இல்லாத, வேறு பொருளில் செய்த அதே வடிவம். அச்செடுப்பதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள், சிலிகோன் மிச்சம் ஓட்டில் ஒட்டிவிட்டால் அந்த மாதிரி அவ்வளவுதான். நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஹெக்சேனுக்குப் பிறகும் கோணம் அதிகம் இறங்கவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்: மெழுகுக்கு மேலே சிமென்ட் மூடியிருக்கலாம், அடியிலுள்ள உறைப்படலமும் நீரை வெறுப்பதுதான்.

ஹெக்சேனைப் பிளாஸ்டிக் குப்பியிலோ பிளாஸ்டிக் பிப்பெட்டிலோ தொடாதீர்கள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் கரைந்து வரும். ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் கருவி) 149 என்ற நிறையில் பெரிய முகடு தெரிந்தால் அது பூச்சி அல்ல, உங்கள் பிப்பெட். டெஃப்லான் உள்மூடி போட்ட கண்ணாடிக் குப்பிதான் வேண்டும்.

எண்களைப் பார்த்து முடிவு சொல்ல ஓர் எளிய கணக்கு: மழமழப்பான மெழுகு மட்டும் இருந்தால் 105 முதல் 110 டிகிரி. ஃபுளோரின் பூச்சே போட்டாலும் தட்டையான பரப்பு 120-ஐத் தாண்டாது. அதற்கு மேல் வந்தால் வடிவம் வேலை செய்கிறது. நீர்மேல் ஓடும் பூச்சியின் கால் 167.6 டிகிரி என்று காவோ, ஜியாங் இருவரும் 2004-இல் வெளியிட்டார்கள். அது நுண்முடிகளும் அவற்றின்மேல் உள்ள நானோ வரிகளும் செய்யும் வேலை. நெல் வயலின் பச்சைத் தத்துப்பூச்சி அடங்கிய தத்துப்பூச்சிக் குடும்பம் இன்னும் விசித்திரம். மால்பீஜியன் குழல்களில் (பூச்சியின் கழிவு நீக்கும் குழல்கள்) புரோகோசோம் என்ற துளைப்பந்துகளை உண்டாக்கி, தோலுரித்ததும் கழிவாய் வழியே வெளியேற்றி, கால்களால் உடம்பெல்லாம் பூசிக்கொள்கின்றன. பந்து ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. பூச்சு இருக்கும் இறகில் தண்ணீரும், ஒட்டும் தேன்கழிவும் நிற்பதே இல்லை. காண்டாமிருக வண்டின் இறகில் அப்படி எதுவும் கிடையாது. 150 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செம்மண் எழுதியது:

ரெண்டு பேரும் ஆய்வகத்துக்குள்ளயே நிக்கிறாங்க, கொஞ்சம் வயல் பக்கம் வாங்க. சேத்துலயே கிடந்தாலும் பிள்ளைப்பூச்சி மேல சேறு ஒட்டாதுன்னு சொல்றோமே, அதை லென்ஸ் வெச்சுப் பாருங்க. உடம்பு முழுக்கக் குட்டை முடி நெருக்கமாப் படுத்திருக்கும். முடிக்கு நடுவுல காத்து தங்கிடும், ஈரச் சேறு தொடுறதே முடி நுனியிலதான். சாண வண்டு வேற வழி: தலைத் தட்டுல சின்னச் சின்ன மேடு. ஈர மண் ஒட்டுறது நடுவுல இருக்கற தொடர்ச்சியான தண்ணிப் படலத்தோட இழுப்பாலதான். மேடு பள்ளம் அந்தப் படலத்தை அறுத்துடுது. சீனாவுல ஜிலின் பல்கலைக்கழகத்துல ரென் லூச்சுவான் குழு இதைப் பாத்துத்தான் மண் ஒட்டாத புல்டோசர் தகடு, கலப்பை எல்லாம் செஞ்சு பாத்தாங்க. பளபளன்னு பாலிஷ் போட்டாத்தான் ஒட்டாதுன்னு நினைக்கறது தப்பு.

மெழுகு போனா என்ன ஆகும்னு 1940-கள்லயே பூச்சி ஆராய்ச்சியாளர் விகிள்ஸ்வொர்த் காட்டிட்டார். அலுமினாத் தூள்மேல பூச்சியை நடக்க விட்டா, உடம்பு தரையில உரசற இடத்துல மெழுகு கீறி, அங்கருந்து தண்ணி போய்க் காஞ்சு சாகும். நகராமக் கிடந்தா ஒண்ணும் ஆகாது. ஈரக் காத்துல வெச்சா புது மெழுகு சுரந்து தேறிடும். மண்ணுக்குள்ள வாழற பூச்சிங்களோட மெழுகு ஏற்கனவே கீறிப் போயிருக்கும்ங்கறதையும் அவர்தான் சொன்னார். அதனாலதான் எருக்குழிப் புழுவை வெயில்ல போட்டா அவ்வளவு சீக்கிரம் வதங்குது. பின்னாடி கலிஃபோர்னியாவுல வால்டர் எபலிங், கீறறதை விட மெழுகை உறிஞ்சற தூள்தான் வேகமாக் கொல்லுதுன்னு சிலிக்கா ஏரோஜெல் வெச்சுக் காட்டினார்.

டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகளோட தூள்) தானியத்துல வேலை செய்யறது இப்படித்தான், ரெண்டும் கலந்து. டன்னுக்கு 1 கிலோ கணக்குல கலப்பாங்க. தானியத்துல ஈரம் 14 சதவீதம் தாண்டினா பலன் சரிஞ்சுடும், ஏன்னா பூச்சி இழக்கற தண்ணியைச் சாப்பாட்டுலயே மீட்டுக்கும். நீச்சல் குளத்து வடிகட்டிக்கு விக்கற சுட்ட தூளை வாங்கிடாதீங்க, அதுல இருக்கற படிகச் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. விதைப் பயறுக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ கயோலின் களிமண் கலக்கறதும் இதே தத்துவம். துவரைக்குச் செம்மண் கட்டறதுல கூடுதலா ஒண்ணு இருக்கு: பயறு வண்டு முட்டையை ஒட்டவைக்க வழவழன்னு இருக்கற விதைத் தோலைத்தான் தேடும். மண் பூசின பருப்புல அது கிடைக்காது.

மாவுப்பூச்சிக்கு மருந்து அடிச்சா உருண்டு ஓடறதும் மெழுகு விவகாரம்தான். மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் போட்டா நனையும். கரப்பான் மேல சோப்புத் தண்ணி ஊத்தினா சாகறதும் இதனாலதான்: பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழ இறங்கி, தண்ணி மூச்சுத் துளைக்குள்ள புகுந்துடும்.

பனிமூட்டம் எழுதியது:

நமீப் பாலைவன வண்டை யாருமே சொல்லவில்லையே? முதுகில் நீரை ஈர்க்கும் மேடுகள், நீரை விலக்கும் மெழுகுப் பள்ளங்கள். மூடுபனியைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கும். மேற்பரப்புக் குணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பூச்சிப்பெட்டி எழுதியது:

பனிமூட்டம், அந்த உதாரணத்தைத் திட்ட அறிக்கையில் எழுதினால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். 2001-இல் பார்க்கர், லாரன்ஸ் நேச்சர் இதழில் எழுதியது அது. மேடுள்ள ஸ்டெனோகாரா வகை வண்டு மூடுபனியில் தலைகீழாக நிற்பதைக் களத்தில் பார்த்த ஆதாரம் இல்லை. உண்மையில் அப்படி நிற்பது ஓனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ், அதன் முதுகில் அந்த மேடுகள் கிடையாது. 2010-இல் நோர்கார்ட், டாக்கே இருவரும் ஒப்பிட்டுப் பார்த்து, நீர் சேர்வதில் ஓட்டின் அமைப்பைவிட வண்டு நிற்கும் முறைக்கே முக்கியத்துவம் என்று சொன்னார்கள். மேடு பள்ளக் கருத்தை வைத்துச் செய்த செயற்கைப் பரப்புகள் வேலை செய்கின்றன, அது வேறு.

பாலைவன உதாரணம்தான் வேண்டும் என்றால் வட அமெரிக்க சோனோரன் பாலைவனத்தின் அஸ்போலஸ் வெருகோசஸ் நல்லது. காற்று வறண்டால் நுண் மெழுகு இழைகளை வெளித்தள்ளி வெளிர்நீலமாகும், ஈரப்பதம் ஏறினால் கறுப்பு. ஹாட்லி 1979-இல் விளக்கினார். எத்தனாலில் முக்கினால் நீலம் போய்விடும் என்பதையும் கவனியுங்கள், தேய்மானம்.

தேய்மானம் எழுதியது:

மிக்க நன்றி. பழைய மாதிரிகளை ஒதுக்கிவிட்டேன், வாளிப் பொறிக்குச் சொல்லியிருக்கிறேன். மூட்டு விஷயம் மட்டும் இன்னும் பாக்கி. கைவசம் பின்-ஆன்-டிஸ்க் கருவி (சுழலும் தட்டின்மேல் ஒரு முனையை அழுத்தி உராய்வு அளப்பது) இருக்கிறது, குறைந்த சுமை 1 நியூட்டன். அதில் இறகை வைத்து ஓட்டலாமா?

மூட்டுவாய் எழுதியது:

ஓட்டாதீர்கள். 1 நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் எடை. சிறு குண்டின் வழியே அதை இறக்கினால் எபிகியூட்டிகிள் முதல் சுற்றிலேயே உரிந்துவிடும். பிறகு நீங்கள் அளப்பது கைட்டின் கூட்டுப்பொருளின் தேய்மானம், மெழுகின் உராய்வு அல்ல. 1 முதல் 50 மில்லிநியூட்டன் வரம்புள்ள நுண் உராய்வுமானி தேவை. நானோ இன்டென்டர் (நுண்முனையை அழுத்திக் கடினத்தன்மை அளக்கும் கருவி) இருக்கும் இடங்களில் பக்கவாட்டு விசை அளக்கும் வசதியும் பல சமயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மூட்டுக்கு வருகிறேன். நம் முழங்கால்போல் திரவம் நிரம்பிய மூடிய பை பூச்சிக் காலில் இல்லை. உரசும் இரண்டு பரப்பும் வெளிக்காற்றில் திறந்தே கிடக்கின்றன. அங்கே மெழுகுதான் மசகு என்று பலர் எண்ணியிருந்தார்கள். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் நாடெய்ன், கோர்ப் குழு 2021-இல் சோபோபாஸ் மோரியோ வண்டின் தொடை-கணைக்கால் மூட்டைத் திறந்து பார்த்தது. (செல்லப் பல்லிகளுக்குத் தீவனமாக விற்கும் பெரிய புழுவின் முதிர்ந்த வண்டு அது.) உரசும் பரப்பில் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அகலத் துளைகள். அவற்றின் வழியே புரதம் மிகுந்த அரைத்திடப் பொருள், பற்பசைபோல் அல்லாமல் குட்டிக் குட்டி உருளைத் துண்டுகளாக வெளியே வருகிறது. இரு கண்ணாடிகளுக்கு இடையே அதை வைத்து அளந்தபோது உராய்வுக் குணகம் 0.13 அளவில் வந்தது. வெறும் கண்ணாடிக்கு 0.35, டெஃப்லானுக்கு 0.14. ஆக மூட்டின் மசகு வேறு, முதுகின் மெழுகு வேறு. உங்கள் அறிக்கையில் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பாதீர்கள்.

காண்டாமிருக வண்டில் அதேபோன்ற துளை இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வேலை, கால் பெரிது என்பதால் எளிதும்கூட. உறையவைத்த வண்டின் தொடை-கணைக்கால் மூட்டைப் புது பிளேடால் உலர்ந்த நிலையிலேயே பிளக்கவும். அல்ட்ராசோனிக் கழுவியில் போடக் கூடாது, துண்டுகள் உதிர்ந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வழக்கமாகச் செய்யும் எத்தனால் படிநிலை உலர்த்தலைத் தவிர்த்து, காற்றிலேயே உலரவிட்டு, 10 நானோமீட்டர் தங்கம்-பல்லேடியம் பூசி, 3 முதல் 5 கிலோவோல்ட்டில் பாருங்கள். குமிழ் முகத்தையும் குழி முகத்தையும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அது புரதமா மெழுகா என்று உறுதிசெய்ய ஏடிஆர் அகச்சிவப்பு நிறமாலை (மாதிரியை ஒரு படிகத்தின்மேல் அழுத்தி எடுப்பது) எடுக்கலாம். மெழுகுக்கு 2850, 2920-இல் முகடு; புரதத்துக்கு 1650, 1540 பக்கம். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: மூட்டை அப்படியே படிகத்தின்மேல் அழுத்தினால் ஓட்டின் சொந்தக் கைட்டினும் புரதமும் அதே 1650-இல் முகடு காட்டும். மசகுத் துண்டை நுண் ஊசியால் எடுத்து, சிலிக்கான் தகட்டுக்கு மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

இறகின் உராய்வுக்கு: 1 அல்லது 2 மி.மீ. கண்ணாடி அல்லது மாணிக்கக் குண்டு. இறகு மெல்லிய வளைந்த தகடு, அடியில் வெற்றிடம் விட்டால் சுமையில் அமுங்கி எழும். அடிப்பக்கத்தை எப்பாக்ஸியால் நிரப்பி இறுகவிடுங்கள், மேற்பக்கம் தொடாமல். பிறகு ஒரே சுமையில் ஓட்டி ஒரே குணகத்தைச் சொல்லிவிடாதீர்கள். இந்தச் சுமைகளில் ஒற்றைக் குண்டின் தொடுபரப்பு சுமையின் 2/3 அடுக்காக வளரும், ஆகவே சுமை கூடக் கூடக் குணகம் குறையும். 2, 5, 10, 20 மில்லிநியூட்டன் என்று நான்கிலும் ஓட்டி வரைபடமாகக் கொடுங்கள். குறைந்த சுமையில் ஒட்டுவிசையும் சேரும். கரப்பானில் அந்தக் கொழுப்புப் படலமே குண்டைப் பிடித்து இழுக்கும், சுமை பூச்சியமாக இருக்கும்போதுகூட.

ஈரப்பதம் இல்லாமல் எதுவும் ஒப்பிட முடியாது. வெட்டியெடுத்த ஓடு உலர உலர விறைக்கும். மூடிய பெட்டியில் நிறைசெறிவு உப்புக் கரைசல் வைத்து நிலைநிறுத்துங்கள்: மக்னீசியம் குளோரைடு 33 சதவீதம், சாப்பாட்டு உப்பு 75, பொட்டாசியம் சல்ஃபேட் 97. மாதிரியை ஒரு நாள் அதில் வைத்த பிறகு, அதே ஈரப்பதத்தில் ஓட்டுங்கள். கரப்பானுக்கு 25 டிகிரியிலும் 35 டிகிரியிலும் தனித்தனியாக.

ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் உரசலையும் பத்தாவது உரசலையும் தனியாகப் பதியுங்கள். மெழுகு நகர்ந்து குண்டில் ஒட்டுவதால் முதல் எண் மட்டும்தான் தொடாத மேற்பரப்பைப் பற்றிப் பேசும். ஓட்டம் முடிந்ததும் குண்டை நுண்ணோக்கியில் பாருங்கள். வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் மெழுகு இடம் மாறியிருக்கிறது. பழுப்புத் துகள் தெரிந்தால் ஓடே உரிந்திருக்கிறது, அந்த எண்ணை விட்டுவிடுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் குண்டை ஹெக்சேன், பிறகு அசிட்டோன் என்ற வரிசையில் கழுவிவிட்டு, சுத்தமான கண்ணாடித் தகட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி எண் நேற்றைய எண்ணோடு ஒத்துவந்தால்தான் வண்டைக் கருவியில் ஏற்ற வேண்டும்.